கோட் பாக்கெட்டில் ஒரு பை

இங்கிலாந்துக்குப் புதிதாக வந்திருக்கிறீர்களா? கடையில் பிளாஸ்டிக் பை சும்மா கிடைக்காது. 2015 அக்டோபரில் 5 பென்ஸாகத் தொடங்கிய கட்டணம், 2021 மே மாதத்திலிருந்து குறைந்தது 10 பென்ஸ். தெருமுனைச் சின்னக் கடையும் வாங்கியாக வேண்டும். பச்சை மீன், இறைச்சி, டாக்டர் சீட்டுக்கு வாங்கும் மருந்து, இவற்றை மட்டும் போட்டுத் தரும் பைக்குக் கட்டாயக் கட்டணம் இல்லை.

துணிப்பை எல்லார் வீட்டிலும் இருக்கிறது. எடுத்துப்போக மறப்பதுதான் தொல்லை. நான் ஒன்றை மடித்து கோட் பாக்கெட்டிலேயே வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து சாமானை இறக்கியதும் பை உடனே கோட்டுக்குள் திரும்பிவிட வேண்டும். சமையலறையில் மாட்டினால் அங்கேயே தங்கிவிடும். அப்புறம், ஏற்கெனவே சேர்ந்துவிட்ட பிளாஸ்டிக் பைகளைத் தூக்கிப் போடாதீர்கள். கிழியும்வரை அவற்றையே கடைக்குக் கொண்டுபோங்கள்.