சம்பா வயலில் உளுந்து: நெல் நிற்கும்போதே விதைப்பது எப்படி?

காவிரி டெல்டாவில் சம்பா, தாளடிப் பருவ நெல்லை அறுக்கச் சில நாள் முன்பே வயலில் வீசி, உழாமல், மண்ணில் உரமிடாமல், பாய்ச்சாமல் எடுக்கிற பயிர் உளுந்து. மேட்டூர் அணை வழக்கமாக ஜனவரி 28-இல் மூடப்படும். அதன்பின் வயலில் தங்கிய ஈரமும் பனியும்தான் இதற்குத் தண்ணீர். எல்லாமே விதைக்கும் நாளின் ஈரத்தில் இருக்கிறது.

தை முதல் நாள் தொடங்கி பிப்ரவரி நடுவரை விதைக்கலாம். அதைத் தாண்டினால் பூக்கும் சமயம் ஈரம் தீர்ந்துபோகும், வெள்ளை ஈ பெருகி, அது பரப்பும் மஞ்சள் தேமல் நோயும் வரும். இரகம் ஆடுதுறை 3. நெல்லுக்குப் பின் எடுக்கும் தரிசு உளுந்துக்கென்றே வந்தது, 70-75 நாளில் முடியும். புதிதாகச் செய்பவர்கள் இதிலேயே தொடங்குங்கள்.

ஏக்கருக்கு 10 கிலோ விதை. மிஷின் அறுவடை என்றால் 2 கிலோ கூட்டுங்கள். கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி (நோயைத் தடுக்கும் நன்மைப் பூஞ்சை) கலந்து வையுங்கள். விதைப்பதற்குச் சற்று முன், காற்றிலுள்ள தழைச்சத்தைப் பயிருக்குச் சேர்க்கும் ரைசோபியம் பாக்டீரியாவை ஆறிய கஞ்சியில் குழைத்துப் பூசி, அரை மணி நேரம் நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் காயவைத்தால் பாக்டீரியா செத்துவிடும். ஈரத்தோடு வீசினால் விதை நெல் தாளிலேயே ஒட்டிக்கொள்ளும்.

இனி மண்ணின் ஈரப்பதம் பார்ப்பது. அதிகம் பேர் தவறுவது இங்கேதான். அறுப்புக்கு 10 நாள் முன்பே தண்ணீரை வடித்துவிடுங்கள். பிறகு தினமும் வயலுக்குள் நடந்து பாருங்கள். கால் தடத்தில் நீர் ஊறி நின்றால் இன்னும் பொறுக்க வேண்டும்: காற்றில்லாமல் விதை அழுகும். தடமே பதியவில்லை என்றால் காலம் கடந்துவிட்டது. தடம் பதிந்து, நீர் ஊறாமல், மண் மெழுகுபோல் இருக்கும் நாளே விதைக்கும் நாள். ஒரே வயலில் மேட்டிலும் பள்ளத்திலும் பதம் வேறுபடும். மேட்டில் இன்று, பள்ளத்தில் இரண்டு நாள் கழித்து என்று பிரித்து விதைத்தால் நட்டமில்லை.

காலைப்பனி காய்ந்தபின் வீசுங்கள். பாதி விதையை நீளவாக்கில், மீதியைக் குறுக்குவாக்கில் வீசினால் திட்டுத்திட்டாக முளைக்காது.

நெல்லை ஆள் வைத்து அறுப்பதானால் அறுப்புக்கு 7 முதல் 10 நாள் முன்பு விதைக்கலாம். மிஷின் என்றால் 4, 5 நாள் முன்பு போதும். அதற்குமேல் விட்டால் இலை விட்ட கன்று நசுங்கும். டயர் வைத்த அறுவடை மிஷினை இந்த வயலுக்கு அழைக்கவே வேண்டாம், தடம் பள்ளமாகி நீர் தேங்கும். பெல்ட்டில் ஓடும் மிஷின்தான் சரி. மிஷின் கொட்டிய வைக்கோல் வரிசையை உடனே அகற்றுங்கள், இல்லையேல் அடியில் கன்று வெளுத்துச் சாகும்.

விதைத்த 15-ஆம் நாள் எண்ணிப் பாருங்கள்: சதுர மீட்டருக்கு 33 செடி இருக்க வேண்டும். அறுத்த நெல்லின் தாளிலிருந்து மறுதாம்பு துளிர்த்தால் அறுத்துவிடுங்கள், அது உளுந்தின் ஈரத்தைக் குடிக்கும்.

பூக்கும்போது ஒருமுறை, 15 நாள் கழித்து மறுமுறை 2 சத டி.ஏ.பி. (டை அம்மோனியம் பாஸ்பேட் உரம்) கரைசல் தெளிக்க வேண்டும். ஏக்கருக்கு 4 கிலோவை 10 லிட்டர் நீரில் இரவெல்லாம் ஊறவைத்து, தெளிந்த நீரை மட்டும் துணியில் வடிகட்டி, 190 லிட்டர் சேர்த்து மாலையில் அடியுங்கள். வடிகட்டாவிட்டால் தெளிப்பான் மூக்கு அடைத்துக்கொள்ளும். வேரில் இடும் உரம் காய்ந்த மண்ணில் பயிருக்கு எட்டாது, அதனால்தான் இலைவழி.

மஞ்சள் தேமல் கண்ட செடியைத் தொடக்கத்திலேயே பிடுங்கிப் புதையுங்கள். பத்தில் எட்டுக் காய் கறுத்ததும் அறுத்து, களத்தில் காயவைத்து அடிக்கலாம்.