நவம்பரில் எழ மனம் வராதபோது: வேட்டைக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் துப்பாக்கியால் மான் வேட்டையாடும் ஒன்பது நாள் பருவம், நவம்பரின் நான்காம் வியாழனன்று வரும் நன்றி நவிலல் நாளுக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்குகிறது. பத்து ஆண்டுகளாக அந்த விடியற்காலை நான்கு மணிக்குத் துள்ளி எழுந்த ஒருவருக்கு, ஏதோ ஓர் ஆண்டு போர்வையை விலக்கவே மனம் வராமல் போகிறது. உரிமம் வாங்கியாயிற்று, துப்பாக்கியைத் துடைத்து வைத்தாயிற்று, ஆரஞ்சு நிற மேற்சட்டை கதவருகே தொங்குகிறது. ஆனால் உள்ளே ஒன்றும் அசைவதில்லை. இங்கே குடியேறி, முறைப்படி பயிற்சி பெற்று வேட்டைக்குச் செல்லும் தமிழர்கள் சிலரிடமும் இதைக் கண்டிருக்கிறேன், என்னிடமும் கண்டிருக்கிறேன். (இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு விலங்குகளை வேட்டையாடுவது குற்றம். ஆகவே இங்கே சொல்வதெல்லாம் உரிமத்தோடு வேட்டை நடக்கும் இந்த நாட்டுக்கே பொருந்தும்.)

இது ஒருவர் இருவரின் சிக்கலாக நின்றுவிடவில்லை. அமெரிக்க அரசின் கணக்கெடுப்புப்படி 2011-இல் 1.37 கோடியாக இருந்த வேட்டைக்காரர்களின் எண்ணிக்கை 2016-இல் 1.15 கோடியாகக் குறைந்தது. உரிமக் கட்டணங்களும், 1937-ஆம் ஆண்டின் பிட்மன்–ராபர்ட்சன் சட்டப்படி நீள்துப்பாக்கிகள் மீதும் தோட்டாக்கள் மீதும் விதிக்கப்படும் 11 சதவீத வரியும் மாநில வனவிலங்குத் துறைகளின் பணிகளைத் தாங்கி நிற்பதால், விலகிப் போனவர்களைத் திரும்ப அழைத்து வரவே அத்துறைகள் திட்டங்கள் வகுத்துள்ளன. அவை எண்ணிக்கையைக் கூட்ட உதவலாம். மனம் விட்டுப்போனவர் தனக்குத் தானே செய்துகொள்ளும் கெடுதலை அவரேதான் கவனிக்க வேண்டும்.

பலரும் முதலில் செய்யும் தவறு, சோர்வுக்கு மருந்தைக் கடையில் தேடுவது. புதிய துப்பாக்கி, அதைவிட விலை கூடிய தொலைநோக்கி, மரத்தில் கட்டிவைக்கும் கேமரா என்று வாங்கிக் குவித்தால் இரண்டு வாரம் உற்சாகம் இருக்கும். கேமரா விஷயத்தில் நான் இன்னும் கடுமையாகவே சொல்வேன். எந்த மான் எத்தனை மணிக்கு எந்த வழியில் போகிறது என்று கைபேசிக்கே படம் வந்துவிடும்போது, காட்டுக்குள் நுழையும் நேரத்தில் தெரிந்துகொள்ள ஒன்றும் மிச்சமிருப்பதில்லை. உற்சாகம் குறைந்துவிட்டது என்று சொல்பவர்களிடம், ஒரு பருவம் முழுவதும் அந்தக் கேமராக்களைக் கழற்றி வைத்துவிட்டுத் தடத்தையும் எச்சத்தையும் மரப்பட்டையில் கொம்பு உரசிய தழும்பையும் மட்டும் பார்த்துக்கொண்டு போகும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இதைவிட ஆழமான தவறு, தான் மாறிவிட்டதை உணராமல் பழைய அளவுகோலையே பிடித்துக்கொண்டிருப்பது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் லாக்ராஸ் வளாகத்தைச் சேர்ந்த ராபர்ட் ஜாக்சன், ராபர்ட் நார்ட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் ஏராளமான வேட்டைக்காரர்களிடம் பேசி, ஒருவரின் வேட்டை வாழ்க்கை பொதுவாக ஐந்து கட்டங்களைக் கடக்கிறது என்று வகுத்தார்கள். தொடக்கத்தில் சுடுவதே மகிழ்ச்சி. பிறகு அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கையை முழுதாக அடைவது. அதன்பின் பெரிய கொம்புள்ள கடாவை மட்டும் தேடுவது. அடுத்து வில், பழைய பாணித் துப்பாக்கி என்று முறையில் நாட்டம் கொள்வது. கடைசியில் காட்டில் இருப்பதும் உடன் வருபவர்களும் பொழுதும் போதும் என்றாகிவிடுவது. இந்த வரிசையில் எல்லோரும் அப்படியே நடப்பதில்லை. ஆனாலும் சோர்ந்து போனவர்களோடு பேசும்போது பெரும்பாலும் ஒன்று புலப்படுகிறது: அவர் மனம் அடுத்த கட்டத்துக்குப் போயிருக்கும், அவர் மட்டும் முந்தைய கட்டத்தின் கணக்கில் தன்னைத் தோல்வியாளராக எழுதி வைத்திருப்பார். கொம்பின் அளவைக் கூட்டிக் கூட்டி நான்கு ஆண்டுகள் வெறுங்கையோடு திரும்பிய நண்பர் ஒருவர், ஐந்தாம் ஆண்டு ஒரு பெண் மானை வீட்டு இறைச்சிக்கென்று எடுத்தபோதுதான் மீண்டும் இரவெல்லாம் வேட்டைக் கதை பேசினார். மற்றவர்கள் பகிரும் கொம்புப் படங்களைப் பார்த்துத் தன் பருவத்தை எடைபோடுவதும் இதே தவறின் இன்னொரு முகம்.

மிக மோசமான தவறு, மனம் இல்லாமலே போய் எதையாவது சுட்டுவிட்டு வருவது. இதை நானே செய்திருக்கிறேன் என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பருவத்தின் எட்டாம் நாள், சீக்கிரம் முடித்துவிட்டு வீடு திரும்ப வேண்டும் என்ற ஒரே எண்ணத்தோடு பரணில் உட்கார்ந்திருந்தேன். மாலை வெளிச்சம் மங்கும் நேரத்தில் ஒரு கடா நடந்துகொண்டே வந்தது. நிற்கும்வரை காத்திருந்தால் முன்தோளுக்குப் பின்னே, நெஞ்சில் சுட்டிருக்கலாம், நான் காத்திருக்கவில்லை. குண்டு பட்ட இடத்துக்குப் போய்ப் பார்த்தபோது பனியில் கிடந்த குருதி கருத்திருந்தது, அதில் பச்சைத் துணுக்குகள் கலந்திருந்தன, நாற்றமும் வந்தது. வயிற்றில் பட்டதற்கான அடையாளம் அது. அப்படிப்பட்ட மானை உடனே விரட்டினால் வெகுதூரம் ஓடிப் பிடிபடாமலே சாகும் என்பதால், இரவு முழுவதும் தூக்கமின்றிக் காத்திருந்து விடிந்த பின்னரே தடம் பிடித்தோம். நண்பகலில் அதைக் கண்டெடுத்தோம். இறைச்சி கெட்டிருந்தது. என் சலிப்புக்கு அந்த விலங்கு ஓர் இரவு முழுவதும் விலை கொடுத்தது. மனம் ஒட்டாத நாளில் துப்பாக்கியைப் பெட்டியிலேயே விட்டுவிடுவதுதான் முறை. உரிமத்துக்குக் கட்டிய பணம் வீணாகிறதே என்ற கணக்கை அங்கே நுழையவே விடக்கூடாது.

அதன் பின் வரும் குற்ற உணர்ச்சியை வேட்டையே வேண்டாம் என்ற முடிவாக அன்றைக்கே மாற்றிக்கொள்வதும் தவறுதான். உண்மையாகவே கொல்ல மனம் வராமல் விலகுபவர்கள் இருக்கிறார்கள். அவர்களை யாரும் வற்புறுத்தக்கூடாது. ஆனால் பிழைபட்ட குண்டால் வந்த வேதனை வேறு வகை. கோடையில் குறிபார்க்கும் பயிற்சியை மீண்டும் தொடங்கி, தனக்கு உறுதியான தூரம் எவ்வளவு என்று அளந்து, அதற்கு அப்பால் சுடுவதில்லை என்று வரம்பு கட்டிக்கொண்டால் அந்த வேதனை மெல்லத் தணிகிறது. எனக்கு அதற்கு ஒன்றரை ஆண்டு ஆயிற்று.

சிலருக்குக் காரணம் இறைச்சியைப் பற்றிய அச்சம். மான்களின் மூளையைச் சிதைக்கும் நாட்பட்ட நலிவு நோய் விஸ்கான்சினில் 2002-இல் கண்டறியப்பட்டது. மனிதருக்கு அது தொற்றியதாக உறுதி செய்யப்பட்ட நிகழ்வு இல்லை என்றாலும், நோயுள்ள மானின் இறைச்சியை உண்ண வேண்டாம் என்றே பொதுச் சுகாதாரத் துறை அறிவுறுத்துகிறது. மாநில இயற்கை வளத் துறை இலவசமாகவே பரிசோதித்துத் தருகிறது. மாதிரியைக் கொடுத்துவிட்டு, முடிவு வரும்வரை இறைச்சியை உறைபெட்டியில் வைத்திருந்தால் போதும். சந்தேகத்தோடு வாய்விட்டுப் பேசாமல் ஒதுங்கிப் போனவர்கள் என் அறிவில் இருவர்.

உடன் வந்தவர் இறந்துபோன பின்னும் அதே பரணில், அதே மூலையில் போய் உட்காருவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். எனக்குக் காற்றின் திசை பார்க்கக் கற்றுத் தந்த முதியவர் போன பிறகு, அந்த மேட்டில் எனக்கு இருந்தது துக்கம். அதை நான் ஆர்வக் குறைவு என்று பெயரிட்டுக்கொண்டேன். இடத்தையும் விலங்கையும் மாற்றியதுதான் உதவியது. விஸ்கான்சினில் முற்றிலும் அழிந்துபோயிருந்த காட்டு வான்கோழியை 1976-இல் மிசூரியிலிருந்து கொண்டு வந்து விட்டார்கள். இன்று மாநிலம் முழுவதும் பரவியிருக்கிறது. வசந்தத்தில் சேவலை அழைக்கும் வேட்டை அது. நாம் பெட்டைக் குரல் எழுப்பினால் அது பதில் சொல்லும், நெருங்கும், திடீரென்று மௌனமாகும். மானுக்காகப் பல மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து சலித்தவருக்கு இந்த உரையாடல் புதிய உயிர் தருகிறது.

திரும்பி வருவதை நவம்பரில் தொடங்க நினைப்பதும் பொருந்தாத எண்ணம். அந்த மாதத்தில் குளிரும் அவசரமும் மட்டுமே கிடைக்கும். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் துப்பாக்கி இல்லாமல் போகலாம். கடாக்கள் கொம்பு உதிர்த்திருக்கும் காலம் அது. இலைகள் இல்லாததால் தடங்களும் படுக்கைகளும் தெளிவாகத் தெரியும். சென்ற மார்ச்சில் அப்படி நடந்தபோது, என் பழைய பரணிலிருந்து அறுபது தப்படி தொலைவில், சாய்ந்து கிடந்த ஓக் மரத்தின் பின்னே, உருகும் பனியில் நீள்வட்டமாக ஒரு படுக்கைக் குழியும் அதன் ஓரத்தில் நான்கு கிளையுள்ள ஒற்றைக் கொம்பும் கிடந்தன. அந்தக் குழியில் குனிந்து உட்கார்ந்து பார்த்தேன். அங்கிருந்து என் பரணும் அதற்கு நான் வழக்கமாக ஏறி வரும் பாதையும் முழுவதும் தெரிந்தன.