குடிப்பழக்கம் தோலில் தெரிகிறதா? வீட்டிலேயே பார்க்கும் முறை

திருப்பூர் பக்கம் பனியன் கம்பெனிகளில் சனிக்கிழமைதான் சம்பளம். அன்று சாயங்காலம் குடிக்கப் போனால், திங்கள் காலை முகம் உப்பி, உதடு வெடித்துக் கிடக்கும். கேட்டால் "வெயில்ல நின்னதுங்க" என்பார்கள். வெயிலா, குடியா என்று நிதானமாகப் பார்த்துவிடலாம், வாங்க.

1. அவரைக் காலை வெளிச்சத்தில் வாசலில் உட்கார வையுங்கள். டியூப்லைட்டில் மஞ்சள் சரியாகத் தெரியாது. கீழே பார்க்கச் சொல்லி, மேல் இமையைத் தூக்குங்கள். வெள்ளை விழியில் மஞ்சள் இருந்தால் மற்ற படிகள் வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரி. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து நாளைக் கடத்தாதீர்கள்.

2. அடுத்து முகம். உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைக்கும் ஹார்மோனை மது அடக்கிவிடுகிறது. சிறுநீர் அதிகம் போகிறது, தோல் வறள்கிறது. ஆடிக் காற்றும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ரத்தக் குழாய்கள் விரிவதால்தான் முகம் சிவந்து சூடாகிறது. கறுத்த நிறத்தில் சிவப்பு தெரியாது, புறங்கையை வைத்துச் சூடு பாருங்கள்.

3. இதை அவசரப்படாமல் செய்யுங்கள். கழுத்து, மார்பு, தோளில் சின்னச் சிவப்புப் புள்ளியும் அதைச் சுற்றிச் சிலந்திக் கால் மாதிரி கோடுகளும் இருக்கிறதா? கண்ணாடி டம்ளரின் அடிப்பக்கத்தை அதன்மேல் அழுத்துங்கள். சிவப்பு மறையும். எடுத்ததும் நடுவிலிருந்து வெளியே பரவி நிறைந்தால், அது சிலந்தி நாளம். ஒன்றிரண்டு நல்ல உடம்பிலும் வரும், கர்ப்பிணிகளுக்கும் வரும். குடிக்கிறவருக்கு நிறைய இருந்தால் கல்லீரலைச் சோதித்தே ஆக வேண்டும்.

4. உள்ளங்கை. கட்டைவிரல் மேடும் சுண்டுவிரல் மேடும் சிவந்து, நடுப்பகுதி வெளுத்திருக்கிறதா? இதுவும் கல்லீரல் கோளாறைக் காட்டலாம். சாயப்பட்டறை வேலைக்காரர் என்றால் கறையைக் கழுவிவிட்டுப் பாருங்கள்.

5. தடிப்பே இல்லாமல் உடம்பெல்லாம் அரிக்கிறதா என்று கேளுங்கள். கல்லீரல் கெட்டுப் பித்தநீர் தேங்கினாலும் அப்படி அரிக்கும். தோல் செதில் செதிலாக உரியும் சொரியாசிஸ் நோயும் குடியால் அதிகமாகும். அதற்கு மெத்தோட்ரெக்சேட் மாத்திரை எடுப்பவர் குடித்தால் கல்லீரலுக்கு இரட்டை அடி.

6. அப்புறம் டாக்டரிடம் போங்கள். எவ்வளவு குடிக்கிறார் என்பதை உள்ளபடி சொல்லுங்கள். கல்லீரல் ரத்தப் பரிசோதனைக்கு அரசு மருத்துவமனையே போதும். தினமும் நிறையக் குடிப்பவரை "இன்னைக்கே நிறுத்துங்க" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, பிதற்றல் வரலாம், உயிருக்கே ஆபத்து. மருத்துவர் துணையோடுதான் நிறுத்த வேண்டும். 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணுக்குக் கட்டணம் கிடையாது, வீட்டார் யாரும் பேசலாம்.

நிறுத்தினால் உப்பலும் வறட்சியும் குறையத் தொடங்கும். கன்னத்திலும் மூக்கிலும் நிலைத்துவிட்ட மெல்லிய ரத்தக் கோடுகள் பெரும்பாலும் தானாக மறையாது. அவற்றுக்கு லேசர் சிகிச்சை உண்டு, முதலில் கல்லீரலைப் பாருங்கள்.