கண்ணாடிக்கடலும் மரகத வானவில்லும்: பலகையில் பரலோகம் வரைவது

பரலோகம் வரையச் சொன்னால் கை தானாக வெள்ளை மேகத்துக்கும் மஞ்சள் கதிருக்கும் போய்விடும். ஆனால் வெளிப்படுத்தின விசேஷம் 4-ஆம் அதிகாரத்தில் மேகமே கிடையாது. கத்தோலிக்கர் இதே நூலைத் திருவெளிப்பாடு என்பார்கள். அங்கே இருப்பவை இரத்தினக்கல், கண்ணாடி, பொன், நெருப்பு, மின்னல். எல்லாமே ஒளிரும் பொருள்கள். இவற்றைச் சுற்றி மங்கலான இடம் இருந்தால்தான் இவை ஒளிரும். முழுப் பலகையையும் பளிச்சென்று தீட்டினால் எதுவும் ஒளிராது. சுண்ணாம்பு அடித்த சுவர்போல் வெளிறிக் கிடக்கும்.

கீழே சொல்வது 2 அடி அகலம், 3 அடி உயரப் பலகையில் சிங்காசனக் காட்சியை அக்ரிலிக் வண்ணத்திலும் தங்க ரேக்கிலும் (பசைமேல் ஒட்டும் மிக மெல்லிய உலோகத் தாள்) செய்யும் முறை. வீட்டு ஜெப அறைக்கும் சிறிய சிற்றாலயத்துக்கும் இந்த அளவு பொருந்தும். பெங்களூரில் டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை இந்த வேலைக்கு நல்ல காலம். ஜூன் முதல் அக்டோபர் வரையுள்ள ஈரத்தில் ஒவ்வொரு பூச்சும் காய இரண்டு மூன்று மடங்கு நேரம் பிடிக்கும்.

எழுதியிருப்பதை எண்ணுங்கள்

பென்சிலோடு அதிகாரத்தை வாசித்து ஒவ்வொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்: வெண்வஸ்திரமும் பொன்முடியும் தரித்த 24 மூப்பர்கள், எரியும் ஏழு தீபங்கள், பளிங்குக்கொப்பான கண்ணாடிக்கடல், ஆறு சிறகுள்ள நான்கு ஜீவன்கள். எசேக்கியேல் 1-இல் வரும் ஜீவன்கள் வேறு. அங்கே ஒவ்வொன்றுக்கும் நான்கு முகம், நான்கு சிறகு. பக்கத்தில் சக்கரத்துக்குள் சக்கரம். ஏசாயா 6-இல் வரும் சேராபீன்களுக்கு ஆறு சிறகு: இரண்டு முகத்தை மூடும், இரண்டு கால்களை மூடும், இரண்டால் பறக்கும். மூன்றையும் கலந்து வரைந்த படங்கள் ஏராளம். கலப்பதாக இருந்தால் தெரிந்தே கலக்க வேண்டும். பைபிளைக் கையில் வைத்துக்கொண்டு படத்தைப் பார்ப்பவர்கள் நம் சபைகளில் நிறையப் பேர் உண்டு.

சிங்காசனத்தில் யார், எப்படி என்பதை வேலை தொடங்கும் முன்பே போதகரிடமோ பங்குத்தந்தையிடமோ கேட்டுவிடுங்கள். தானியேல் 7-இல் வெண்பனி போன்ற உடையும் பஞ்சு போன்ற முடியும் சொல்லப்படுகின்றன. வெளிப்படுத்தலில் முகமே இல்லை. வச்சிரக்கல்லுக்கும் பதுமராகத்துக்கும் ஒப்பாயிருந்தார் என்பதோடு நூலை எழுதிய யோவான் நிறுத்திக்கொள்கிறார். அவர் நிறுத்திய இடத்தில் ஓவியரும் நிறுத்துவதே சரி. வெள்ளை ஒளிக்குள் செம்மை கசிகிற ஒரு வடிவம் போதும்.

வட்டத்தின் கணக்கு

சிங்காசனத்தைச் சுற்றி மூப்பர்கள் அமரும் வட்டத்துக்கு, பலகையின் மேல் விளிம்பிலிருந்து 13 அங்குலம் கீழே மையம் வையுங்கள். 20 அங்குல விட்டத்தில் வட்டம் போட்டு, 15 பாகைக்கு ஒன்றாக 24 இருக்கைகளைக் குறியுங்கள். இருக்கைக்கு இருக்கை இடைவெளி ஏறக்குறைய 2.6 அங்குலம் வரும். எல்லா மூப்பர்களையும் தலை மேலே, பாதம் கீழே வரும்படியே உட்கார வையுங்கள். வட்டத்தின் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒருவர் தலைக்கு மேல் இன்னொருவர் பாதம் வருமாதலால், உயரம் 2 அங்குலத்தைத் தாண்டினால் நெருக்கியடிக்கும். இந்த அளவில் தலை 1 செ.மீ.க்கும் குறைவு. எனவே கண், மூக்கு எழுத முயலாதீர்கள். குனிந்த தோள், கழற்றிய முடி, நீட்டிய கை ஆகியவற்றிலேயே ஆராதனை தெரிந்துவிடும். வட்டத்துக்குக் கீழே மிஞ்சும் ஓரடியில் தீபங்களும் கடலும்.

தூரக்காட்சி முறையில் வட்டத்தைச் சாய்க்காமல் தட்டையாக வைப்பது குறையல்ல. 10, 11-ஆம் நூற்றாண்டு ஸ்பெயினின் பெயாத்துஸ் சுவடிகளில் (இதே நூலின் விளக்கவுரையைப் படங்களோடு எழுதிய சுவடிகள்) 21-ஆம் அதிகாரத்தின் பரலோக நகரமான புதிய எருசலேமை மேலிருந்து பார்க்கும் சதுரமாகவும், வாசல்களை நாலாபுறமும் விரித்துப் படுக்க வைத்தும் வரைந்தார்கள். நம் கோலம் போடும் கைக்கு இது பழகிய கணக்குதான்.

நகரத்தையே வரைய ஆசைப்பட்டால் இந்தத் தட்டை முறையைத் தவிர வழியில்லை. 21-ஆம் அதிகாரத்தின்படி நீளம், அகலம், உயரம் மூன்றும் 12,000 ஸ்தாதி, அதாவது சுமார் 2,200 கி.மீ.; பெங்களூரிலிருந்து டில்லிக்குச் சாலை வழியே போகிற தூரம். மதிலோ 144 முழம், சுமார் 65 மீட்டர். நகரத்தை ஓரடி அகலத்தில் வரைந்தால் அதே அளவில் மதில் 0.01 மி.மீ. ஆகிவிடும். அளவு எடுபடாது என்று ஒப்புக்கொண்டு, எண்களை மட்டும் காப்பாற்றுங்கள்: பக்கத்துக்கு மூன்றாகப் பன்னிரண்டு வாசல், வாசலுக்கு ஒரே முத்து.

நகர மதிலின் பன்னிரண்டு அஸ்திபாரக் கற்களில் ஒரு சிக்கல் உண்டு. பழைய தமிழ் மொழிபெயர்ப்பின் கோமேதகம் கிரேக்கத்தில் சிவப்பும் வெள்ளையும் வரிவரியான கல். நம் நகைக்கடையில் அது தேன் நிறம். பத்தாவது கல்லான வைடூரியம் கிரேக்கத்தில் பச்சை, நமக்குப் பூனைக்கண். ஏதாவது ஒரு கணக்கை எடுத்து அதிலேயே நில்லுங்கள். தமிழ்ச் சபைக்கு என்றால் தமிழ்ப் பெயரின் நிறமே மேல். அப்போது கோமேதகம், சுவர்ணரத்தினம், புஷ்பராகம், வைடூரியம் நான்கும் மஞ்சள் சாயலில் வந்து ஒன்றோடொன்று கலந்துபோகும். ஒன்றை ஆழமாக, அடுத்ததை வெளிறலாக வைத்துப் பிரியுங்கள்.

பலகை

12 மி.மீ. நீர்தாங்கும் பிளைவுட் வாங்குங்கள். பின்புறம் மரச்சட்டம் அடித்து, இரு பக்கமும் விளிம்புகளிலும் அக்ரிலிக் சீலர் இரண்டு பூச்சு கொடுங்கள். முன்பக்கம் மட்டும் பூசினால் மழைக்காலத்தில் பின்பக்கம் ஈரம் குடித்துப் பலகை வளையும். சீலர் இல்லாமல் வெள்ளை அடித்தால் மரத்தின் பழுப்புச் சாறு மேலே ஏறி, சில வாரங்களில் கடல் தேநீர் நிறமாகிவிடும்.

கஞ்சி போகத் துவைத்துக் காயவைத்த காடாத் துணியை ஃபெவிகாலால் ஒட்டி, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்துக் காற்றுக் குமிழை வெளியேற்றுங்கள். மறுநாள் ஜெஸ்ஸோ (வண்ணத்துக்கு அடியில் அடிக்கும் வெள்ளை) நான்கு பூச்சு, குறுக்கும் நெடுக்குமாக மாற்றி மாற்றி. காய்ந்ததும் 320 நம்பர் உப்புத்தாள்.

முடிகளும் சிங்காசன விளிம்பும் புடைப்பாக வேண்டுமென்றால் சலித்த சாக் பவுடர் இரண்டு பங்கு, ஃபெவிகால் ஒரு பங்கு, தேவைக்குச் சொட்டு நீர். மருதாணிக் கூம்பில் நிரப்பிப் பிழியுங்கள். ஒரே தடவையில் 2 மி.மீ.க்கு மேல் ஏற்றினால் வெடிக்கும். மின்விசிறிக்குக் கீழே காயவைத்தாலும் வெடிக்கும், ஏனென்றால் மேல்தோல் இறுகிய பிறகு உள்ளே சுருங்கும். தஞ்சாவூர்ப் படத்தின் அளவுக்கு உயரம் தேவையில்லை. பெங்களூர் குமாரகிருபா சாலையில் சித்திரகலா பரிஷத் என்ற கலைக்கூடத்தின் மைசூர் ஓவியங்களைப் பார்த்தால், தொட்டும் தொடாததுமான தாழ்ந்த புடைப்பு எவ்வளவு அடக்கமாக மின்னுகிறது என்பது புரியும்.

ரேக்கும் வண்ணமும்

சாக் புடைப்பு பசையை உறிஞ்சிவிடும். ரேக்கு திட்டுத் திட்டாக உரிவதற்கு இதுவே காரணம். முதலில் செங்காவி நிற அக்ரிலிக் இரண்டு பூச்சு அடித்து மூடுங்கள். பிறகு தண்ணீர்ப் பசை தடவி, அது வெண்மை போய்த் தெளியும்வரை, சுமார் 20 நிமிடம், காத்திருங்கள். விரல் முட்டியால் தொட்டால் ஒட்ட வேண்டும், ஈரம் வரக்கூடாது. மின்விசிறியை நிறுத்திவிட்டு ரேக்கை வையுங்கள். பித்தளை ரேக்கு மலிவு, ஆனால் மூடாமல் விட்டால் கறுக்கும். பெரிய பரப்புக்கு அதை வைத்து, மூப்பர்களின் முடிக்கு மட்டுமாவது அசல் தங்கம் வாங்குங்கள். இருபத்துநான்கு சின்ன முடிகளுக்கு நிறையத் தேவைப்படாது.

மற்ற பரப்பை இடைநிலைச் சாம்பல் நீலத்தில் மங்கலாக முடித்துவிட்டு ஒளிக்கு வாருங்கள். சுத்த டைட்டானியம் வெள்ளை சிங்காசனத்தின் நடுவில் மட்டும். மூப்பர் வஸ்திரம்கூட ஒரு படி கம்மிய வெள்ளைதான். நடுநடுவே கைபேசியில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பாருங்கள். மிக வெளிச்சமான இடம் இரண்டு தெரிந்தால் ஒன்றை அடக்குங்கள்.

சிங்காசனத்தைச் சுற்றிய வானவில்லில் ஏழு நிறம் போடுவது மிகப் பரவலான பிழை. வசனம் மரகதம்போல் என்கிறது. தாலோ பச்சையில் துளி மஞ்சள் கலந்து, ஒரு பங்கு வண்ணத்துக்கு எட்டுப் பங்கு கிளாஸ் மீடியம் (வண்ணத்தோடு கலக்கும் நிறமற்ற பளபளப்புத் திரவம்) சேர்த்து, நான்கைந்து மெல்லிய பூச்சாக ஏற்றுங்கள். மீடியத்துக்குப் பதில் தண்ணீர் ஊற்றினால் படலம் பலமிழந்து திட்டாகும்.

கடலுக்கும் இதே முறை, அடியில் ஆழ்ந்த நீலச்சாம்பல். அலை வரையாதீர்கள், அலை வந்த கணமே அது தண்ணீராகிவிடும். மேலே இருக்கும் தீபங்களின் பிரதிபலிப்பை நேர்க்கோடாகக் கீழிறக்கி, இரண்டு மூன்று இடங்களில் கிடைக்கோட்டால் அறுத்தால் கண்ணாடி தெரியும்.

ஜீவன்களின் உடலெங்கும் கண்கள் என்பதை அப்படியே வரைந்தால் குழந்தைகள் பயப்படுவார்கள். மயிற்பீலியின் கண்ணைப் பாருங்கள். சிறகின் நுனிகளில் அந்த வடிவைச் சிறிதாக அடுக்கினால் கண்ணும் ஆயிற்று, அழகும் ஆயிற்று.

வார்னிஷ் அடிக்க மழையில்லாத நாளாகப் பாருங்கள். ஈரக் காற்றில் பால்போல் மூட்டம் படரும். ரேக்கு இடங்களுக்குப் பளபளக்கும் கிளாஸ், மற்றவற்றுக்குப் பளபளக்காத மேட். மெழுகுவர்த்திப் புகை படியும் இடமானால் பின்னால் அகற்றக்கூடிய வார்னிஷே வேண்டும். மாட்டும்போது பின்னால் 1 செ.மீ. தக்கைத் துண்டுகள் ஒட்டிச் சுவருக்கும் பலகைக்கும் இடையே காற்று போக விடுங்கள். டியூப்லைட்டில் தங்கம் செத்துக் கிடக்கும். மேலிருந்து சாய்வாக ஒரு மஞ்சள் எல்இடி போடுங்கள்.