டிரைவரை நீக்கியதும் முடங்கிய கர்னல்: என் அனுபவம்

ஒரு லினக்ஸ் போர்டில், டிரைவரை (ஒரு சாதனத்தை இயக்கும் நிரலை) நீக்கிய சில நொடிகளில் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) முடங்கியது. விடுவிக்கப்பட்டுவிட்ட நினைவகத்தை ஒரு டைமர் தொடுவதாகப் பிழைப்பதிவு காட்டியது. உறங்கும் சாதனத்தை எழுப்ப முடியாவிட்டால், டைமரை நிறுத்தாமலேயே பிழை எண்ணைத் திருப்பிவிட்டு வெளியேறும்படி டிரைவரின் ரிமூவ் ஃபங்ஷன் (நீக்கும்போது கர்னல் அழைக்கும் பகுதி) எழுதப்பட்டிருந்தது. கர்னலோ அந்த எண்ணைப் பொருட்படுத்துவதே இல்லை. ஓர் எச்சரிக்கையை அச்சிட்டுவிட்டு, டெவ்எம் (சாதனத்திலிருந்து டிரைவர் நீங்கும்போது தானாக விடுவிக்கும் கர்னல் வசதி) வழியாகப் பெற்ற நினைவகம் முழுவதையும் விடுவித்துவிடுகிறது. ஆகவே, எழுப்ப முடியாதபோது சாதனத்தின் ரெஜிஸ்டர்களில் (அதைக் கட்டுப்படுத்தும் சிறு நினைவிடங்களில்) எழுதுவதை மட்டும் தவிர்த்து, டைமரை நிறுத்துவது உள்ளிட்ட மற்ற வேலைகளை எப்படியும் முடிக்குமாறு மாற்றினேன், முடக்கம் நின்றது. நீக்கத்தை மறுக்க டிரைவருக்கு உரிமை உண்டு என்ற மயக்கத்தை வளர்த்ததே ரிமூவ் திருப்பும் அந்த எண்தான் என்பது என் கருத்து. லினக்ஸ் கர்னலின் 6.11 பதிப்பிலிருந்து பிளாட்ஃபார்ம் டிரைவர்களின் (பெரும்பாலும் சிப்பிலேயே அமைந்த சாதனங்களுக்கான டிரைவர்களின்) ரிமூவ் எந்த மதிப்பையும் திருப்புவதில்லை. பழைய கர்னல்களில் இதை நாமேதான் கவனிக்க வேண்டும்.