எஞ்சின் மாற்றும் ஜீப்பில் மீட்டர் போர்டு லைட்டுகளுக்கு ஒயர் கொடுப்பது எப்படி

பழைய மகிந்திரா ஜீப்பில் வேறு டீசல் எஞ்சின் ஏற்றுகிறவர்கள் மவுண்டிங், ரேடியேட்டர், புரொப்பெல்லர் ஷாஃப்ட் என்று வாரக்கணக்கில் மண்டையை உடைப்பார்கள், மீட்டர் போர்டுக்கு வந்ததும் "லைட்டுதானே, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று ஒயரில் டேப் சுற்றித் தொங்கவிட்டுவிடுவார்கள். மணிமுத்தாற்றிலிருந்து மாஞ்சோலைக்கு இரண்டாவது கியரில் உறுமிக்கொண்டு ஏறும்போது ஆயில் பிரஷர் இறங்கினால் சொல்ல அந்தச் சிவப்பு பல்பை விட்டால் வேறு நாதியில்லை. அதனால் முதல் செல்ஃப் அடிப்பதற்கு முன்பே ஆயில் லைட்டும் சார்ஜிங் லைட்டும் தயாராக இருக்க வேண்டும். மற்றவற்றை ரோட்டில் இறக்கும் முன் முடித்தால் போதும்.

முதலில் எர்த். எஞ்சின் ரப்பர் மவுண்டிங்கில் உட்கார்ந்திருக்கிறது, தானாக எர்த் ஆகாது. பிளாக்கிலிருந்து சேசிஸுக்கு ஒரு தடித்த எர்த் கேபிள், பேட்டரி நெகட்டிவிலிருந்து எஞ்சினுக்கோ சேசிஸுக்கோ இன்னொன்று. இது இல்லாவிட்டால் செல்ஃப் இழுக்கும் கரண்ட் ஆக்சிலேட்டர் கேபிள் வழியாகப் போய் அதைச் சுட்டுவிடும். கேபிள் நுனியில் இருக்கும் லக் உட்காரும் இடத்தில் பெயின்டைச் சுரண்டிவிட்டுப் போடுங்கள். உவரி, இடிந்தகரை பக்கம் வண்டி ஓடுமென்றால் இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் பூசுங்கள், உப்புக்காற்று எதையும் விட்டுவைக்காது.

ஆயில் லைட் சுலபம். பல்பின் ஒரு முனைக்கு ஃபியூஸ் வழியாகச் சாவி போட்டதும் வரும் 12 வோல்ட், மறுமுனை பிளாக்கில் இருக்கும் ஆயில் சுவிட்சுக்கு. பிரஷர் இல்லாதபோது சுவிட்ச் உள்ளே எர்த் ஆகியிருக்கும், லைட் எரியும். பெரும்பாலான சுவிட்சுகளில் சுமார் 0.3 முதல் 0.5 பார் வந்ததும் விட்டுவிடும், அணையும். ஒயரைச் சுவிட்சிலிருந்து கழற்றி, சாவியைப் போட்டு, பிளாக்கில் தொட்டுப் பாருங்கள். எரிந்தால் ஒயரிங் சரி. டப்பா மாதிரி பெரிதாக இருப்பது பெரும்பாலும் முள் மீட்டருக்கு அளவை அனுப்பும் சென்டர் (சென்சார்), அதில் லைட்டைக் கொடுக்காதீர்கள். சுவிட்ச் மரையில் டெஃப்லான் டேப்பை அள்ளிச் சுற்றினாலும் எர்த் கெட்டுப்போகும், பிரஷரே இல்லாமல் லைட் அணைந்து கிடக்கும்.

ஆட்கள் சிக்குவது சார்ஜிங் லைட்டில்தான். இந்த பல்பு வெறும் அடையாளத்துக்கு இல்லை. பேட்டரியைச் சார்ஜ் செய்கிற சாதாரண ஆல்டர்னேட்டரில் சாவி போட்டதும் பல்பு வழியாகப் போகிற சிறு கரண்ட்தான் உள்ளே சுற்றும் ரோட்டரை உசுப்பிவிடுகிறது. சாவி லைனிலிருந்து பல்பு, பல்பிலிருந்து டி பிளஸ் அல்லது எல் என்று குறித்த முனை, அவ்வளவுதான். சார்ஜ் ஆகத் தொடங்கியதும் இரண்டு பக்கமும் ஒரே வோல்ட்டேஜ் வந்து பல்பு அணையும். இங்கே அழகுக்காக எல்இடி போட்டால் கரண்ட் போதாது, வண்டியை நன்றாக முறுக்கினால்தான் சார்ஜ் ஏறும். 2 அல்லது 3 வாட் இழை பல்பே போடுங்கள், எல்இடிதான் வேண்டுமென்றால் அதற்குப் பக்கவாட்டில் 68 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்று. பழைய வண்டியில் ஆல்டர்னேட்டருக்குப் பதில் டைனமோ இருந்திருந்தால் அதன் சார்ஜிங்கைக் கட்டுப்படுத்தும் கட்-அவுட் பெட்டியைக் கழற்றி எறியுங்கள்.

சாவியை அணைத்த பிறகும் எஞ்சின் நிற்காமல் ஓடுகிறதா? டீசலை நிறுத்தும் சோலினாய்டும் சார்ஜிங் லைட்டும் ஒரே சாவி லைனில் இருந்தால், ஆல்டர்னேட்டர் பல்பு வழியாகத் திரும்பிக் கரண்ட் கொடுக்கலாம். லைட் ஒயரில் கரண்டை ஒரே பக்கம் விடும் 1என்4007 டயோடு ஒன்று, அதன் வெள்ளைக் கோடு ஆல்டர்னேட்டர் பக்கம் பார்த்து இருக்கட்டும்.

டெம்பரேச்சரில் மீட்டரும் சென்டரும் ஜோடியாக இருக்க வேண்டும். புது எஞ்சின் சென்டரைப் பழைய மீட்டரில் கொடுத்தால் முள் கதை சொல்லும், உண்மை சொல்லாது. பழைய சென்டரை அடாப்டர் போட்டுப் புது எஞ்சினில் ஏற்றுங்கள், தெர்மோஸ்டாட்டுக்கு எஞ்சின் பக்கம், நுனி தண்ணீரில் நனையும் இடத்தில்.

கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் டீசல் பீய்ச்சும் காமன் ரெயில் எஞ்சின் என்றால் செக் லைட்டுக்கு எர்த் கொடுப்பது இசியு என்ற அந்தக் கம்ப்யூட்டர், ஹீட்டர் லைட்டையும் பெரும்பாலும் அதுதான் பார்த்துக்கொள்ளும். அந்த எஞ்சின் வந்த வண்டியின் ஒயரிங் வரைபடம் இல்லாமல் கை வைக்காதீர்கள். இசியுவும் மீட்டர் போர்டும் கேன் என்ற டேட்டா லைனில் பேசும் வண்டி என்றால் வெட்டி ஒட்டுகிற வேலையே வேண்டாம், அதே வண்டியின் மீட்டர் போர்டையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். எஞ்சின் மாற்ற மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி ஆர்டிஓ அனுமதியும் வேண்டும், ஆர்சி புத்தகத்தில் புது நம்பர் ஏற வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் சாவியை மட்டும் போடுங்கள். ஆயில், சார்ஜிங் இரண்டும் எரிய வேண்டும். எரியாத லைட் இருந்தால் ஸ்டார்ட் பண்ணாதீர்கள். ஸ்டார்ட் ஆனதும் சில வினாடிகளில் ஆயில் லைட் அணையாவிட்டால் சுவிட்சைக் குறை சொல்லிக்கொண்டு ஓட்டிப் பார்க்காமல் உடனே நிறுத்தி, கைமீட்டர் ஒன்றை அந்தத் துளையில் மாட்டிப் பிரஷரைப் பாருங்கள். சார்ஜிங் லைட் அணைந்திருக்கும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருக்க வேண்டும்.