வீடியோவை சர்வர் எதற்குப் பார்க்க வேண்டும்? விடிஐ-யில் சுமை குறைக்கும் வழி

காலை ஒன்பதே கால். எங்கள் அலுவலகத்தில் விடிஐ: ஒவ்வொருவரின் டெஸ்க்டாப்பும் சர்வரில் ஓடும், மேசையில் உள்ள கருவி அதன் திரையை மட்டும் காட்டும். ஒரே சர்வரில் பதினெட்டுப் பேர் உள்ளே வந்திருந்தார்கள். சிபியு 100 சதவீதத்தைத் தொட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டது. எக்செல் திறக்க ஒரு நிமிடம் ஆனது. தட்டிய எழுத்து திரையில் வர இரண்டு விநாடி. "யாராவது வீடியோ பார்க்கிறீர்களா?" என்று கேட்டேன். இல்லவே இல்லை என்றார்கள். பொய்யில்லைதான். பிரவுசரைத் திறந்ததும் வருகிற முகப்புப் பக்கத்தின் வலது ஓரத்தில், சத்தமே இல்லாமல் ஒரு விளம்பர வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. பதினெட்டுப் பேருக்கும்! ஒருவர்கூட அதைப் பார்க்கவில்லை. சர்வர் மட்டும் பதினெட்டு முறை பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த முகப்புப் பக்கத்தை பாலிசியில் (எல்லோருக்கும் ஒரே இடத்திலிருந்து போடும் அமைப்பு) வைத்ததே நான்தான் என்பது வேறு விஷயம்.

விடிஐ நிர்வாகத்துக்குப் புதிதாக வந்தவர்கள் இந்தப் பிரச்சினையைக் கண்டதும் "ஜிபியு (கிராஃபிக்ஸ் சிப்) வாங்குவோம்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அது கடைசியில் செய்ய வேண்டியது. அதற்கு முன்னால் காசு செலவில்லாமல் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. அவற்றை வரிசையாகப் பார்ப்போம்.

முதலில், சுமை எங்கிருந்து வருகிறது?

சாதாரணக் கணினியில் வீடியோ சுருக்கப்பட்ட கோப்பாக வருகிறது, பிரவுசர் அதைப் பிரிக்கிறது, திரையில் காட்டுகிறது. பிரிக்கும் வேலையைப் பெரும்பாலும் கிராஃபிக்ஸ் சிப்பே பார்த்துக்கொள்ளும். சிபியு-வுக்குத் தெரியக்கூடத் தெரியாது.

விடிஐ-யில் பிரவுசர் ஓடுவது சர்வரில். அங்குள்ள மெய்நிகர் கணினிக்கு ஜிபியு இல்லையென்றால் பிரிக்கும் வேலை முழுக்க சிபியு தலையில் விழும். அதோடு முடியவில்லை. பிரித்த படத்தை ரிமோட் புரோட்டோகால் திரையிலிருந்து எடுத்து மறுபடி சுருக்கி, பயனரின் மேசையில் உள்ள கருவிக்கு அனுப்ப வேண்டும். அந்தக் கருவி அதைத் திரும்பவும் பிரிக்கும். பார்சலை வழியில் ஒருவர் பிரித்து, வேறு பெட்டியில் கட்டி, மேலே அனுப்புகிற மாதிரி.

எவ்வளவு பெரிய பார்சல் என்று ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 1920 × 1080 திரை, ஒரு பிக்சலுக்கு 4 பைட், விநாடிக்கு 30 ஃபிரேம். பெருக்கினால் விநாடிக்குச் சுமார் 25 கோடி பைட். ஒரு பயனருக்கு மட்டும் இவ்வளவு.

இந்தப் புரோட்டோகால்கள் எல்லாமே "திரையில் மாறிய பகுதியை மட்டும் அனுப்பு" என்ற தந்திரத்தை நம்பி ஓடுபவை. வேர்டில் தட்டச்சு செய்தால் ஒரு வரிதான் மாறும். வீடியோவில் எல்லாமே எப்போதும் மாறும். தந்திரம் பலிக்காத முக்கியமான இடம் இதுதான்.

படி 1: அளந்து எழுதி வையுங்கள்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். கையில் எண் இல்லாமல் பாலிசி மாற்றினால், எது உதவியது என்று உங்களுக்கே தெரியாது.

ஒரு சோதனைப் பயனராக உள்ளே நுழையுங்கள். வேறு யாரும் இல்லாத சர்வராக இருந்தால் நல்லது. டாஸ்க் மேனேஜரில் டீடெயில்ஸ் பகுதிக்குப் போய் சிபியு வாரியாக அடுக்கிவிட்டு மூன்று எண்களைக் குறியுங்கள்: பிரவுசர் சும்மா திறந்திருக்கும்போது, வீடியோ சின்னச் சன்னலில் ஓடும்போது, முழுத் திரையில் ஓடும்போது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிடம் விட்டு, சராசரியை எழுதுங்கள்.

பிரவுசர் எடுக்கும் சிபியு, வீடியோவைப் பிரிக்கும் செலவு. மறுபடி சுருக்கும் செலவு வேறு பெயரில் ஒளிந்திருக்கும். எந்த விடிஐ மென்பொருள் என்பதைப் பொறுத்து அந்தப் பெயர் மாறும். சிட்ரிக்ஸில் சிடிஎக்ஸ்ஜிஎஃப்எக்ஸ் என்ற புராசஸ். ஹொரைசனில் விஎம்பிளாஸ்ட் என்று தொடங்கும் புராசஸ். மைக்ரோசாஃப்டின் ரிமோட் புரோட்டோகாலான ஆர்டிபி-யில் இந்த வேலை சில சிஸ்டம் புராசஸ்களுக்குள் கலந்துகிடக்கும். ஒரு பெயரைத் தேடி அலையாமல், வீடியோ ஓடும்போதும் நிறுத்தியபோதும் மொத்த சிபியு எவ்வளவு என்று கழித்துப் பாருங்கள்.

அப்படியே யூடியூப் வீடியோ மேல் வலது கிளிக் செய்து 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' என்பதைத் திறந்து, கோடெக் (வீடியோவைச் சுருக்கிய முறை) வரியைக் குறித்துக்கொள்ளுங்கள். படி 4-இல் தேவைப்படும்.

படி 2: ஓட வேண்டாததை நிறுத்துங்கள்

முகப்புப் பக்கத்தை வெறும் பக்கமாக்குங்கள், அல்லது உங்கள் நிறுவனத்தின் உள் தளத்தை வையுங்கள். நான் வெறுமையாக்கிய மறுநாள் வந்த முதல் அழைப்பு, "இன்டர்நெட் வேலை செய்யவில்லை." அதனால் முந்தின நாளே ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.

அடுத்தது ஆட்டோபிளே. குரோம், எட்ஜ் இரண்டிலும் 'ஆட்டோபிளே அலவுட்' என்ற பாலிசி இருக்கிறது. அதை அணைத்து வையுங்கள். ஆனால் அது போதும் என்று நினைத்துவிடாதீர்கள், நான் அங்கேதான் ஏமாந்தேன். 2018-இல் வந்த விதிப்படி சத்தத்தோடு தானாக ஓடுவதைத்தான் குரோம் கட்டுப்படுத்துகிறது. சத்தமில்லாத வீடியோ ஓடிக்கொண்டேதான் இருக்கும். சர்வருக்குச் சத்தம் ஒரு பாரமே இல்லை, படம்தான் பாரம். ஃபயர்பாக்ஸ் இந்த விஷயத்தில் தெளிவு: பெர்மிஷன்ஸ் பாலிசியில் ஆடியோ, வீடியோ இரண்டையும் தடுக்கும் தேர்வு தனியாக உண்டு.

குரோமில் அந்த ஓட்டையை அடைக்க விளம்பரத் தடுப்பு எக்ஸ்டென்ஷன்தான் வழி. யூபிளாக் ஆரிஜின் லைட் போன்ற ஒன்றை எல்லோருக்கும் பாலிசி மூலமே நிறுவலாம். வீட்டுக் கணினியில் விளம்பரத் தடுப்பு சொகுசு; விடிஐ-யில் அதை நான் அடிப்படைத் தேவை என்றே சொல்வேன். மொத்தப் பட்டியலில் குறைந்த வேலைக்கு அதிகப் பலன் எனக்குக் கிடைத்தது இதில்தான்.

படி 3: வீடியோவைப் பயனரின் கருவிக்கே தள்ளிவிடுங்கள்

மீதி இருப்பது பயனர் நிஜமாகவே பார்க்க வேண்டிய வீடியோ: பயிற்சிப் பாடம், செய்முறை விளக்கம் மாதிரி. இதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. ஆனால் சர்வர் நடுவில் நிற்க வேண்டியதில்லை. வீடியோவின் முகவரியை மட்டும் பயனரின் கருவிக்குக் கொடுத்தால், அது நேராக இணையத்திலிருந்து எடுத்து, தன் சிப்பிலேயே பிரித்து, சரியான இடத்தில் ஒட்டிக் காட்டிவிடும். இதன் பெயர் ரீடைரெக்‌ஷன்.

எந்த நிறுவனத்தின் விடிஐ-யாக இருந்தாலும் நான்கு துண்டுகள் சேர வேண்டும்: சர்வரில் ஒரு ஏஜென்ட் (சர்வர் பக்கத்து மென்பொருள்), பிரவுசரில் ஒரு எக்ஸ்டென்ஷன், பயனர் கருவியில் அதை ஆதரிக்கும் கிளையன்ட் (விடிஐ-யில் நுழையும் செயலி), எந்தெந்தத் தளங்களுக்கு என்ற பட்டியல். புதியவர்கள் பெரும்பாலும் நான்காவதை மறப்பார்கள்.

மைக்ரோசாஃப்டின் விடிஐ சேவைகளான அஸூர் விர்ச்சுவல் டெஸ்க்டாப், விண்டோஸ் 365 இரண்டிலும் இதற்கு மல்டிமீடியா ரீடைரெக்‌ஷன் என்று பெயர். சர்வரில் விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மைக்ரோசாஃப்ட் தரும் நிறுவியை ஓட்டுங்கள். பிறகு எட்ஜ் அல்லது குரோம் எக்ஸ்டென்ஷனை, கட்டாயமாக நிறுவும் எக்ஸ்டென்ஷன் பட்டியல் பாலிசியில் சேருங்கள். ஒவ்வொரு பயனரும் தானே 'ஆன்' செய்வார் என்று நம்பி விடக்கூடாது. பயனர் பக்கம் விண்டோஸ் கணினியில் புதிய கிளையன்ட் இருக்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் அமைப்பில் 'வீடியோ ஸ்டேட்டஸ் ஓவர்லே' என்று ஒன்று உண்டு. அதைப் போட்டால், வீடியோ தொடங்கும்போது ரீடைரெக்ட் ஆகிறதா இல்லையா என்று ஒரு வரி சில விநாடி தெரியும். சோதிக்கும்போது ரொம்ப வசதி.

சிட்ரிக்ஸில் பெயர் பிரவுசர் கன்டென்ட் ரீடைரெக்‌ஷன். இங்கே வேலை கொஞ்சம் வேறு: வீடியோவை மட்டுமல்ல, அந்தப் பக்கத்தின் உள்பகுதி முழுவதையுமே பயனர் கருவிக்குத் தள்ளும். இதனால் ஒரு சிக்கல் வரும். தளத்தில் உள்நுழைவு வேறொரு முகவரியில் நடந்தால், அந்த முகவரியையும் ஆதென்டிகேஷன் தளங்கள் பாலிசியில் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் உள்நுழைவு நடுவழியில் நின்றுவிடும். தளப் பட்டியல் ஏசிஎல் (அனுமதிப் பட்டியல்) பாலிசியில் இருக்கும். அதில் முன்கூட்டியே யூடியூப் மட்டும்தான் உண்டு. உங்கள் பயிற்சித் தளம் வேறாக இருந்தால் நீங்கள்தான் சேர்க்க வேண்டும்.

முன்பு விஎம்வேர் பெயரில் இருந்து 2024 முதல் ஆம்னிஸா கையில் இருக்கும் ஹொரைசனில் இது ஹெச்டிஎம்எல்5 மல்டிமீடியா ரீடைரெக்‌ஷன். ஏஜென்ட்டோடு அந்தக் கூறும் நிறுவப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு குரூப் பாலிசியில் இயக்கி, தளப் பட்டியல் கொடுத்தால் சரி.

அப்புறம், நிஜமாகவே வேலை செய்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? இது முக்கியம். ரீடைரெக்‌ஷன் தோற்றால் பிழைச் செய்தி எதுவும் வராது. சத்தமில்லாமல் பழையபடி சர்வரே ஓட்டும். பயனருக்கு வீடியோ தெரியும், நீங்களும் முடிந்தது என்று எழுந்து போய்விடுவீர்கள். எனக்குப் பிடித்த சோதனை: வீடியோ ஓடும்போதே பிரவுசர் சன்னலைப் பிடித்து வேகமாக இடமும் வலமும் இழுங்கள். ரீடைரெக்ட் ஆகியிருந்தால் சன்னலின் சட்டம் முன்னே போகும், படம் ஒரு கணம் பின்தங்கி வந்து ஒட்டிக்கொள்ளும். இரண்டும் ஒன்றாகவே நகர்ந்தால் சந்தேகப்படுங்கள். இன்னொன்று, மெய்நிகர் டெஸ்க்டாப்புக்குள்ளேயே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். வீடியோ இருக்கும் இடம் காலியாக வந்தால், நல்ல செய்தி. சிட்ரிக்ஸ் என்றால் பயனர் கணினியின் டாஸ்க் மேனேஜரில் ஹெச்டிஎக்ஸ் பிரவுசர் செஃப் என்ற புராசஸ் தெரிய வேண்டும்.

வேலை செய்யவில்லையா? நான் பார்த்தவரை காரணம் பெரும்பாலும் நெட்வொர்க்தான். இப்போது வீடியோவை எடுப்பது பயனரின் கருவி. அதற்கு நேரடி இணையம் வேண்டும். உள் நெட்வொர்க்கில் மட்டும் திறக்கும் வீடியோ சர்வரை வீட்டிலிருந்து வேலை செய்பவரின் கணினி எட்டவே எட்டாது. அலுவலகத்தில் சோதித்து வெற்றி என்று அறிவித்துவிட்டு, வீட்டிலிருப்பவர்களிடம் திட்டு வாங்குவது இப்படித்தான். பதிப்புரிமைப் பூட்டு போட்ட ஸ்ட்ரீமிங் தளங்களை மைக்ரோசாஃப்டின் ரீடைரெக்‌ஷன் தொடாது; அலுவலகத்தில் அதற்காக யாரும் உங்களிடம் புகார் கொடுக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். பழைய தின் கிளையன்ட்களையும் (விடிஐ-க்கென்றே வரும் சிறு கணினிகள்) ஒரு முறை சோதியுங்கள். அவற்றின் சிப்புக்கு வீடியோ பிரிக்கும் திறன் இல்லையென்றால் சுமையை ஒரு இடத்திலிருந்து எடுத்து இன்னொரு இடத்தில் வைத்ததுதான் மிச்சம்.

டீம்ஸ், ஜூம் போன்ற கூட்டச் செயலிகள் இதில் சேராது. அவற்றுக்கென்று தனியாக விடிஐ பிளகின் உண்டு; அதை நிறுவாமல் வீடியோ கூட்டம் நடத்துவது சர்வருக்குச் செய்கிற கொடுமை.

படி 4: தள்ள முடியாததை இளைக்க வையுங்கள்

மொபைல், வேறு இயங்குதளம், ஆதரவில்லாத தளம் என்று சிலது சர்வரிலேயே ஓடும். அவற்றுக்கு மூன்று திருகுகள் இருக்கின்றன.

ஒன்று, கோடெக். படி 1-இல் குறித்த வரியில் ஏவி01 அல்லது விபி09 என்று இருக்கிறதா? ஜிபியு இல்லாத சர்வருக்கு இவை கடினமான சாப்பாடு. 2003-லிருந்து புழங்கும் ஹெச்.264-ஐப் பிரிப்பது சிபியு-வுக்கு எளிது. வரியில் அது ஏவிசி1 என்று வரும். ஹெச்264ஐஃபை என்ற எக்ஸ்டென்ஷன் யூடியூபை ஹெச்.264 கொடுக்கச் சொல்லும். டேட்டா கொஞ்சம் கூடும், சிபியு குறையும். டேட்டா சென்டரில் இருக்கிற சர்வருக்கு அது லாபமான பேரம்.

இரண்டு, அளவு. 1080-இல் ஒரு ஃபிரேமுக்கு 20 லட்சத்துக்கு மேல் பிக்சல். 480-இல் சுமார் 4 லட்சம். ஐந்தில் ஒரு பங்கு. பயிற்சி வீடியோவை நீங்களே பதிவேற்றுகிறீர்கள் என்றால் 60 ஃபிரேமில் பதிவேற்றாதீர்கள். ஸ்லைடு நகர்வதற்கு அவ்வளவு தேவையில்லை.

மூன்று, ரிமோட் புரோட்டோகாலின் ஃபிரேம் வரம்பு. ஆர்டிபி, சிட்ரிக்ஸ், ஹொரைசன் மூன்றிலும் இயல்பாக விநாடிக்கு 30. யாராவது "வேகமாக்கும் டிப்ஸ்" படித்து ரெஜிஸ்ட்ரியில் டிடபிள்யூஎம் ஃபிரேம் இன்டர்வல் மதிப்பை 15 என்று போட்டு, ஆர்டிபி-யை 60-க்கு ஏற்றி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். சாதாரண அலுவலக வேலைக்கு 30-ஐ 20 ஆக்கினாலும் யாரும் கவனிப்பதில்லை. ஸ்க்ரோல் செய்யும்போது மட்டும் சிலர் முகம் சுளிப்பார்கள்.

படி 5: இவ்வளவுக்கும் பிறகுதான் ஜிபியு

நான்கு படியும் முடித்து, அளந்த பிறகும் சிபியு திணறினால் தாராளமாக ஜிபியு கேளுங்கள். இப்போது கையில் எண்கள் இருப்பதால் மேலதிகாரியிடம் பேசவும் எளிது. ஆனால் கார்டைச் செருகியதும் எல்லாம் மாறிவிடாது. பிரவுசரில் ஹார்ட்வேர் ஆக்சிலரேஷன் (வீடியோவை ஜிபியு பிரிப்பது), புரோட்டோகால் பாலிசியில் ஹார்ட்வேர் என்கோடிங் (மறுபடி சுருக்குவதையும் ஜிபியு செய்வது) இரண்டும் இயங்குகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒன்று இருந்து மற்றது இல்லாவிட்டால் பாதிச் சுமை சிபியு-விலேயே இருக்கும். ஜிபியு இல்லாத சர்வரில் அந்த ஆக்சிலரேஷன் அமைப்பை அணைத்தும் போட்டும் இரண்டு முறை அளந்து பாருங்கள். எது நல்லது என்று பொதுவாகச் சொல்ல முடியாது. உங்கள் எண்தான் சொல்லும்.

பிரவுசரோ கிளையன்டோ புதிய பதிப்புக்கு மாறினால், அன்றே ஒரு வீடியோவை ஓட்டிச் சன்னலை இழுத்துப் பார்த்துவிடுங்கள். எங்கள் குழுவின் காலண்டரில் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமைக்கு அடுத்த நாள், அதாவது விண்டோஸ் அப்டேட் வந்த மறுநாள், "சன்னல் இழு" என்று ஒரு குறிப்பு நிரந்தரமாக இருக்கிறது. புதிதாகச் சேர்ந்தவர்கள் அது என்னவென்று கேட்பார்கள். வீடியோவைப் போட்டு இழுத்துக் காட்டுவேன்.